2002: காடும் தொழிலாளியும் எதிரெதிரே நிறுத்தப்பட்ட ஆண்டு

(லாங் ஐலண்டில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று காலை ரங்கத் அருகிலுள்ள ஏராட்டா படகுத்துறையிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தேன். படகில் என் அருகே அமர்ந்திருந்த இளைஞர் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர். லாலாஜி விரிகுடாவின் வெண்மணலைக் காணச் செல்வதாகச் சொன்னார். பேச்சினூடே, "இந்தத் தீவு மக்கள் முன்பு என்ன தொழில் செய்தார்கள்?" என்று கேட்டார். மிக எளிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கிய நான் 2002ஆம் ஆண்டில் வந்து நின்றுவிட்டேன். படகு கரை சேர்ந்துவிட்டது, பதில் முடியவில்லை. எஞ்சிய பதிலை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஓர் ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது நாட்காட்டியைப் புரட்டும் வேலை அல்ல. நடந்தவற்றில் எது முடிந்துபோனது, எது இன்னும் நம் கணக்கில் தீராமல் நிற்கிறது என்று பிரித்தறிவதற்காகவே நாம் பின்னோக்கிப் பார்க்கிறோம். அந்த வகையில் 2002 இன்னும் தீராத கணக்கு.

அந்த ஆண்டில் இந்தியா

முதலில் நாடு முழுவதற்கும் பொதுவானவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 27 அன்று கோத்ராவில் ரயில் பெட்டி எரிந்து மக்கள் மடிந்தனர். அதைத் தொடர்ந்து குஜராத்தில் சிறுபான்மையினர் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அரசே பின்னாளில் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை அது. அந்த ரத்தம் உலருமுன்னரே, மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டிப் பொடா சட்டம் நிறைவேற்றப்பட்டது. தமிழ்நாட்டில் அச்சட்டம் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதை நாம் அறிவோம். மேடையில் பேசியதற்காக வைகோ அவர்கள் ஜூலை மாதத்தில் கைது செய்யப்பட்டு ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் வைக்கப்பட்டார். அக்டோபரில் மதமாற்றத் தடை அவசரச் சட்டமும் வந்தது.

மறுபக்கம், ஏப்ரல் 16 அன்று பொதுத்துறைப் பங்குகளை விற்பதற்கும் தொழிலாளர் சட்டங்களைத் திருத்துவதற்கும் எதிராக நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடைபெற்றது. மதத்தின் பெயரால் மக்களைப் பிரிக்கும் வேலை உச்சத்தில் இருந்தபோது, தொழிலாளி வர்க்கம் ஒரே கோரிக்கையின் கீழ் நின்ற நாள் அது.

பருவமழையும் அந்த ஆண்டு பொய்த்தது. ஜூலை மாத மழை வழக்கமான அளவில் ஏறத்தாழப் பாதிதான். காவிரியில் தண்ணீர் இல்லை. டெல்டாவில் குறுவை இல்லை. உச்சநீதிமன்றமும் காவிரி ஆணையமும் கர்நாடக அரசும் மாறி மாறிச் செய்தியில் இடம்பெற்றன. அதே ஜூலையில் மத்திய அரசின் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கும் மேற்பட்ட உணவு தானியம் குவிந்து கிடந்தது. வயலில் பஞ்சம், கிடங்கில் குவியல், குடிசையில் பட்டினி. இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே முரண்பாட்டின் வேறொரு வடிவத்தைத்தான் இந்தத் தீவுகள் அந்த ஆண்டில் கண்டன.

பெயர்களின் அரசியல்

மே மாதத் தொடக்கத்தில் போர்ட் பிளேர் விமான நிலையத்துக்கு சாவர்க்கரின் பெயர் சூட்டப்பட்டது. அன்றைய உள்துறை அமைச்சர் அத்வானி அவ்விழாவுக்கு வந்திருந்தார். செல்லுலார் சிறையிலிருந்து பிரிட்டிஷ் அரசுக்குக் கருணை மனுக்கள் எழுதியவரின் பெயர் இந்தத் தீவுகளின் வாயிலில் பொறிக்கப்பட்டது. அதே சிறையில் 1933ஆம் ஆண்டு உண்ணாநிலைப் போராட்டத்தில் வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டு மாண்ட மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகியோரின் பெயர்களை எத்தனை பயணிகள் அறிவார்கள்? 1935இல் அச்சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்டுகளின் அமைப்பு உருவானதையும், பகத் சிங்கின் தோழர் சிவ வர்மா முதலியோர் அந்தக் கொட்டடிகளைப் பல்கலைக்கழகமாக மாற்றியதையும் எந்தப் பலகை சொல்கிறது? இன்று போர்ட் பிளேரின் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டுவிட்டது. பெயர்ப்பலகைகள் மாறிய வேகத்தில் இங்குள்ள மக்களின் வாழ்க்கை மாறவில்லை.

ஜூலையில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. அப்துல் கலாம் அவர்களை ஆளுங்கூட்டணி முன்னிறுத்தியது, காங்கிரசும் ஆதரித்தது. அவர் ராமேஸ்வரத்துத் தமிழர் என்பதில் நம் தோழர்கள் பலருக்கே பெருமிதம் இருந்தது. அது இயல்பானது. எனினும் குஜராத் எரிந்த ஆண்டில் போட்டியின்றித் தேர்தலை முடித்துவைப்பது சரியல்ல என்று இடதுசாரிக் கட்சிகள் கருதின. கேப்டன் லட்சுமி சாகல் வேட்பாளரானார். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, நேதாஜியின் ஜான்சிராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர். கான்பூரில் ஏழை மக்களுக்கு மருத்துவம் பார்த்தவர். அப்போது அவருக்கு வயது 87. வாக்கு மதிப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. தோற்பது உறுதி என்று தெரிந்தே நின்றார்.

இந்தத் தீவுகளுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் பணியாற்றிய ஆசாத் ஹிந்த் அரசின் தலைவராக நேதாஜி 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அந்த அரசில் அமைச்சராக இருந்த பெண்மணி குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்ற அதே ஆண்டில்தான் இங்கே விமான நிலையத்துக்கு வேறு பெயர் வைக்கப்பட்டது.

மே 7

இனி நம் தீவுக்கு வருகிறேன்.

2002 மே 7 அன்று உச்சநீதிமன்றம் கோதாவர்மன் திருமுல்பாடு வழக்கின் ஒரு பகுதியாக அந்தமான் காடுகள் குறித்து ஆணை பிறப்பித்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் இடைக்கால உத்தரவால் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டிருந்தது. நீதிமன்றம் நியமித்த சேகர் சிங் ஆணையம் தீவுகளைச் சுற்றிப் பார்த்து, 2002 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை நீதிமன்றம் ஏற்றது. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு அன்றி வணிகத்துக்காகக் காட்டை வெட்டக் கூடாது. மரத்தைப் பெருநிலத்துக்கு அனுப்பக் கூடாது. பழங்குடிக் காப்பகங்களில் கோடரி விழக் கூடாது. கடற்கரை மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஜாரவா காப்பகத்தின் ஊடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையை அப்பகுதிகளில் மூட வேண்டும். ஆணையின் சாரம் இதுதான்.

இந்த ஆணை விழுந்த மண் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1883இல் பிரிட்டிஷார் இங்கே காட்டிலாகாவை அமைத்தனர். அதே ஆண்டில் சாத்தம் தீவில் அறுப்பாலையும் தொடங்கப்பட்டது. தண்டனைக் குடியிருப்பின் கைதிகள் முதல் மரங்களை வெட்டினர். கைதிகள் போதாதபோது, 1918 வாக்கில் சோட்டாநாக்பூரிலிருந்து ஆதிவாசிகள் கொண்டுவரப்பட்டனர். அவர்களை இங்கே 'ராஞ்சி' என்றே அழைக்கிறோம். விடுதலைக்குப் பின் கிழக்கு வங்கத்து அகதிகளும், தெலுங்கரும், மலையாளிகளும், தமிழர்களும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களும் வந்தனர். வந்தவர் அனைவருக்கும் அரசு காட்டிய வேலை காட்டை வெட்டுவது, அல்லது காட்டை வெட்டிக் கிடைத்த நிலத்தை உழுவது.

படாக்கும் கர்ஜனும் பப்பித்தாவும் சாய்ந்தன. யானைகள் தடிகளைக் கரைக்கு இழுத்தன; தெப்பங்களாகக் கட்டப்பட்ட தடிகள் கடல்வழியே ஆலைகளுக்குச் சென்றன. லாங் ஐலண்டின் பெயரே அன்று மரத்தோடு சேர்த்துத்தான் சொல்லப்படும். காட்டிலாகா முகாமும் பிளைவுட் ஆலையும் இந்தத் தீவின் வாழ்வாக இருந்தன. சங்கு ஊதினால் தீவு எழுந்தது; சங்கு ஊதினால் தீவு உண்டது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் ரயில் பெட்டிகளுக்கும் மேசை நாற்காலிகளுக்கும் போன பலகையில் நம் தந்தையரின் வியர்வை இருந்தது.

அந்தத் தொழில்தான் 2002இல் நின்றது. ஒரே நாளில் எல்லா ஆலைகளும் மூடப்பட்டன என்று சொல்ல மாட்டேன். சில முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தன. சில பின்னர் அணைந்தன. ஆனால் இனி இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை என்பது அந்த மே மாதத்தில் உறுதியாயிற்று.

தேநீர்க்கடையில் நான் சொன்னது

தோழர்களே, இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. சுயவிமர்சனம் பிறரைப் பற்றியதாக மட்டும் இருந்தால் அது சுயவிமர்சனம் ஆகாது என்பதால் சொல்கிறேன்.

அன்று நான் மத்திய அந்தமானில் ஒரு மர ஆலையில் கூலித் தொழிலாளி. சங்கத்தில் பொறுப்பு வகித்தேன். ஆணை பற்றிய செய்தி வந்த வாரத்தில் எங்களுக்கு வேலைநாட்கள் சரிபாதியாகக் குறைக்கப்பட்டன. நிலுவைக் கூலி எப்போது வரும் என்று கேட்டோம். "நீதிமன்றத்தைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. அன்று மாலை தேநீர்க்கடையில் இருபது தொழிலாளர்கள் கூடியிருந்தோம். அவர்கள் முகத்தைப் பார்த்து நான் சொன்னேன்: "சட்டை போடாத நாலு ஜங்லிகளுக்காக நம் சோற்றில் மண் அள்ளிப் போட்டுவிட்டார்கள்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. ராஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த முதியவர். கூப்பில் மரம் வெட்டியே முதுகு வளைந்தவர். எங்கள் இருவருக்கும் பொதுமொழியான அந்தமான் இந்தியில் அவர் சொன்னதன் பொருள் இதுதான்: "என் தாத்தாவையும் அங்கே ஜங்லி என்றுதான் சொன்னார்கள். அவர் காட்டை எடுத்துக்கொண்டு, இன்னொருவன் காட்டை வெட்ட இங்கே அனுப்பினார்கள். உன் கூலியை நிறுத்தியவன் ஜாரவாவா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் பதில் இல்லை. உழைக்கும் மக்களின் ஒற்றுமை குறித்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நான், என் கூலியை வைத்துக்கொண்டவரை விட்டுவிட்டு, என்னைவிட எளியவர்களைக் குற்றவாளியாக்கினேன். குஜராத்தில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்று மேடையில் கண்டித்துப் பேசியவன்தான் நான். வேலையில்லாதவனிடம் "உன் வேலையைப் பறித்தவன் உன் அண்டை வீட்டான்" என்று சொல்வதுதானே அந்த அரசியல்? வேறொரு மக்களைப் பற்றி அதையே நானும் சொன்னேன்.

யார் அயலார்?

'ஜாரவா' என்ற சொல் அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் அல்ல. அண்டை இனத்தவரின் மொழியில் 'அயலார்' என்பது அதன் பொருள். அவர்கள் தங்களை 'அங்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த மண்ணில் அவர்களுக்கு நாம் வைத்த பெயர் அயலார்! 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 240 பேர்.

அவர்கள் காட்டின் ஊடாக நெடுஞ்சாலை போடப்பட்டபோது சாலைத் தொழிலாளர்கள் சிலர் அம்புக்குப் பலியானார்கள். அவர்களும் நம்மவர்களே, அவர்கள் குடும்பங்களின் துயரம் உண்மையானது. ஆனால் எத்தனை அங் மக்கள் துப்பாக்கிக்குப் பலியாயினர் என்று கணக்கு எழுதி வைப்பார் இருக்கவில்லை. 1997இன் பிற்பகுதியில் அவர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் குடியிருப்புகளை நோக்கி வரத் தொடங்கினார்கள். ஈராண்டுக்குள் தட்டம்மை அவர்களிடையே பரவியது. இந்த இடத்தில் கிரேட் அந்தமானியரை நினைக்க வேண்டும். 1858இல் பிரிட்டிஷார் வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த அவர்கள் நோயாலும் போராலும் அழிந்து, இன்று சில பத்துப் பேர்களாகச் சுருங்கிவிட்டனர். போர்ட் பிளேருக்கும் லாங் ஐலண்டுக்கும் இடையிலுள்ள ஸ்ட்ரெய்ட் தீவில்தான் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தபோது ஒரு மொழியே மறைந்தது. கப்பல் மேல்தளத்திலிருந்து அந்தத் தீவைக் காணும் போதெல்லாம், காடு இழந்தவர்களுக்கு என்ன நேரும் என்பதை நாம் காண்கிறோம்.

எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை?

மே 7 ஆணையின் பின்கதையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஆணையில் இரண்டு பெரிய பகுதிகள் இருந்தன. ஒன்று, வணிக மரவெட்டை நிறுத்துவது. இது நிறைவேறியது. இதன் சுமையைச் சுமந்தவர் யார்? முதலீட்டை வேறு தொழிலுக்கு மாற்றிக்கொள்ள முதலாளியால் முடிந்தது. கூப்புத் தொழிலாளியால் முடியவில்லை. டி.ஆர்.எம். எனப்படும் தினக்கூலி மஸ்தூரால் முடியவில்லை. படகேறி ஊர் திரும்ப வேண்டும்; ஆனால் மூன்று தலைமுறைக்குப் பின் எந்த ஊருக்கு?

மற்றொன்று, ஜாரவா காப்பகத்தின் ஊடே செல்லும் சாலையை மூடுவது. இது நிறைவேறவில்லை. இன்றளவும் அங்கே வாகனங்கள் அணிவகுத்துச் செல்கின்றன. மக்கள் போக்குவரத்துக்கு மாற்று வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. மருத்துவமனைக்குப் போகும் நோயாளியை நாம் மறக்க முடியாது. ஆனால் போதுமான கப்பல்களை விட்டிருந்தால் அந்தக் கோரிக்கை நிறைவேறியிருக்கும். கப்பல் விடுவதற்குப் பதிலாகச் சாலை திறந்தே வைக்கப்பட்டது. அந்தச் சாலை எதற்குப் பயன்பட்டது என்பதை 2012 ஜனவரியில் உலகம் கண்டது. உணவுக்காக அங் பெண்களை ஆடச் செய்த காணொளி வெளிவந்து நாடு தலைகுனிந்தது.

ஆக, ஒரே ஆணையில் தொழிலாளியின் தலையில் விழுந்த பகுதி நிறைவேறியது. ஆதிவாசிக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டிய பகுதி ஏட்டில் நின்றது. தொழிலாளிக்கு எதிராக ஆதிவாசி காட்டப்பட்டார். ஆதிவாசிக்கு எதிராகத் தொழிலாளி காட்டப்பட்டார். இறுதியில் இருவருமே இழந்தனர். நூற்றிருபது ஆண்டுகள் காட்டை விற்றவர்களிடம் மட்டும் எவரும் கணக்குக் கேட்கவில்லை. கிடங்கில் தானியமும் குடிசையில் பட்டினியும் என்றேனே, அதே முரண்பாடுதான் இது. அங்கே தானியத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே நின்றது எதுவோ, இங்கே காட்டுக்கும் வாழ்வுக்கும் நடுவே நின்றதும் அதுவே.

அந்த ஆணை தவறு என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. காடு நின்றது, அது நல்லது. அதே செப்டம்பர் 14 அதிகாலையில் வடக்கு அந்தமானின் டிக்லிபூரை மையமாகக் கொண்டு 6.5 அளவில் நிலம் நடுங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. எத்தகைய நிலத்தின் மீது நாம் வாழ்கிறோம் என்பதை இவை உணர்த்தின. கரையோர மணலையும் அலையாத்திக் காட்டையும் வைத்துக்கொள்வது அழகுக்காக அல்ல, உயிருக்காக. மரவெட்டு நிறுத்தப்பட்டதை நான் குறை சொல்லவில்லை. வெட்டியவரின் வாழ்வுக்கு வழி காணாமல் நிறுத்தப்பட்டதே குறை.

நம் பங்கும் அதில் உண்டு. கூலி உயர்வுக்குப் போராடினோம், பணி நிரந்தரத்துக்குப் போராடினோம். அவை சரியான போராட்டங்கள். ஆனால், "இந்தக் காடு இன்னும் எத்தனை ஆண்டுக்குத் தாங்கும்? அதன் பின் நாம் என்ன செய்வோம்?" என்று நாமே கேட்டுத் திட்டம் வைத்திருக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் அதைச் செய்யவில்லை. அதனால் அந்தக் கேள்வி நீதிமன்றத்திலிருந்து வந்தது, தொழிலாளியிடமிருந்து வரவில்லை. கேள்வி எங்கிருந்து வருகிறதோ, பதிலையும் அங்கிருப்பவர்களே எழுதுகிறார்கள்.

பிரேசிலிலிருந்து ஒரு பாடம்

வேறு வழி இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 2002 அக்டோபரில் பிரேசிலில் உலோகத் தொழிலாளியான லூலா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற செய்தியை நாம் இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். அந்த வெற்றியின் வேர்களில் ஒன்று அமேசான் காட்டின் ஆக்ரே மாநிலத்தில் இருந்தது. அங்கே ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளியான சிக்கோ மெண்டிஸ் சங்கம் கட்டினார். கால்நடைப் பண்ணை முதலாளிகள் காட்டை அழிக்க வந்தபோது, தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று மரங்களின் முன் நின்றனர். ஒரு காலத்தில் ஆதிவாசிகளும் ரப்பர் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் கொன்றவர்கள். மெண்டிஸும் தோழர்களும் அந்தப் பகையைக் கடந்து 'காட்டு மக்களின் கூட்டணி'யை உருவாக்கினர். காடும் நிற்க வேண்டும், அதில் உழைப்பவரும் வாழ வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 1988 டிசம்பர் 22 அன்று மெண்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அவர் கோரிய காட்டுக் காப்பகங்கள், தொழிலாளரே பயன்படுத்திப் பேணும் காடுகளாக, பின்னர் சட்டமாயின. அவரோடு போராடிய மரினா சில்வா லூலா அரசில் சுற்றுச்சூழல் அமைச்சரானார்.

பிரேசிலில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அமேசான் இன்றும் எரிகிறது. ஆனால் அங்கே தொழிலாளி காட்டின் எதிரியாக நிற்க மறுத்தார். அந்த மறுப்பை 2002இல் நாம் செய்யவில்லை.

இன்று அதே கேள்வி

இதை இப்போது ஏன் பேசுகிறோம்? அரசின் காட்டுக் கழகம் 1977இல் தொடங்கப்பட்டு, மரவெட்டு நின்ற பின் ஆண்டுக்கணக்கில் இழுபறியாக இருந்து, 2017இல் மூடப்படும் என்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அத்துடன் மரத்தின் காலம் முடிந்தது. ஆனால் காட்டை விற்கும் காலம் முடியவில்லை.

கிரேட் நிகோபாரில் 72 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022இல் அனுமதி வழங்கப்பட்டது. கலத்தியா விரிகுடாவில் சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம். இதற்காக 130 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு மாற்றப்படுகிறது. இழக்கும் மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம்! அந்தத் தீவில் ஷோம்பென் மக்கள் வாழ்கின்றனர். ஆழிப்பேரலையில் ஊர் இழந்த நிகோபாரி மக்கள் தங்கள் மூதாதையர் கிராமங்களுக்குத் திரும்பக் காத்திருக்கின்றனர். தாங்கள் அளித்த ஒப்புதலை அவர்களின் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது.

அங்கேயும் அதே வாக்கியம் தயாராக இருக்கிறது: "வேலை வருகிறது, சில நூறு பேருக்காகத் தடுக்கலாமா?" 2002இல் வேலை போவதற்கு ஆதிவாசி காரணமாகக் காட்டப்பட்டார், இன்று வேலை வராததற்கு அவரே காரணமாகக் காட்டப்படுவார். அந்த வாக்கியத்தை நம்ப நான் ஒருமுறை ஆயத்தமாக இருந்தேன். அதனால்தான் உங்களை எச்சரிக்கிறேன்.

நம் கடமைகள்

மூன்றே கடமைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது: வேலைக் கோரிக்கையையும் காட்டுக் கோரிக்கையையும் ஒரே துண்டறிக்கையில் எழுதுவோம். இந்தத் தீவுகளில் போதுமான கப்பல் போக்குவரத்து, டி.ஆர்.எம். தொழிலாளருக்குப் பணி நிரந்தரம், மீனவருக்குக் குளிர்பதன வசதி, உள்ளூர் மக்களின் கையில் இருக்கும் அளவான சுற்றுலா ஆகியன கேட்போம். அவற்றோடு ஜாரவா காப்பகச் சாலைக்கு மாற்றான கடல்வழியையும் கேட்போம். சாலையை மூடுவது பயணிக்கு எதிரானது அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியது நாம்தான்.

இரண்டாவது: கிரேட் நிகோபார் பற்றி ஒவ்வொரு கிளையும் விவாதிக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் இது பொருந்தும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்காக இடதுசாரிகள் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பாடுபட்டனர். காட்டை மாற்றும் முன் அங்கு வாழ்வோரின் ஒப்புதல் வேண்டும் என்பதே அதன் உயிர். அந்த உயிரைக் காப்பது நம் பொறுப்பு.

மூன்றாவது மிகச் சிறியது. ஆனால் மிகக் கடினமானது. நம் வீடுகளில், நம் தேநீர்க்கடைகளில், 'ஜங்லி' என்ற சொல்லை நிறுத்துவோம். குழந்தைகள் அதைச் சொல்லக் கேட்டால் திருத்துவோம். நாம் அடித்தளத்தில் நிற்கிறோம் என்று நினைக்கும்போது நமக்கும் கீழே ஒருவரை நிறுத்திப் பார்க்கும் ஆசை வரும். அந்த ஆசையின் மீதுதான் மேலே இருப்பவர்கள் வீடு கட்டுகிறார்கள்.

அந்த ராஞ்சித் தோழர் இப்போது இல்லை. அவர் எந்த வகுப்பிலும் அமர்ந்தவர் அல்லர்; நம் இதழைப் படித்தவரும் அல்லர். ஆனால் 2002இல் நான் கற்ற அரசியல் பாடங்களில் அவர் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வியே தலையானது. "உன் கூலியை நிறுத்தியவன் ஜாரவாவா?" அன்று நான் பதில் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து, இந்தத் தீவில், உங்கள் முன்னிலையில் சொல்கிறேன்: இல்லை, தோழரே.